முனிரத்தினத்தின் மூன்று விரல்

ஜூன் 3, செவ்வாய்

விடிகாலை ஐந்துக்கே புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. பலமனேர் பக்கம் மழையாம், பால்காரர் சொன்னார். சித்தூருக்கு ஒரு சொட்டு கிடையாது.

மொழிபெயர்ப்பில் அத். 9 முடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் நாலு பக்கம். எனக்கு அது ஓட்டம்.

வடதுருவத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தீவு. நூறு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு கப்பல், பதினொரு ஆண்கள். பாறை படிக்கிறவர் தலைவர், புத்தகத்தை எழுதியவரும் அவரே. இன்னும் பெயரில்லாத ஒரு மலையில் அவரும் சர்வேயரும் ஏறுகிறார்கள். உச்சியில் கருவியை நிறுத்திப் பனியாற்றின் நீளத்தை அளக்க வேண்டும். கருவியின் பித்தளைத் திருகு பொடிசு, கையுறையோடு திருக வராது. சர்வேயர் கழற்றிவிட்டுத் திருகுகிறார். மூன்று விரல் மெழுகாய் வெளுத்துப்போகிறது. தலைவர் பனியை அள்ளி அரை மணி நேரம் தேய்க்கிறார். நிறம் திரும்புகிறது. அத்தியாயம் அங்கே முடிகிறது. எழுதி முடித்ததும் எனக்கே கை சிலிர்த்தது.

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன். முழுப் புத்தகத்தையும் ஒரு தடவை படித்துவிட்டு மொழிபெயர்க்கக் கூடாதா என்று இந்தப் புத்தகத்துக்கும் ஆரம்பித்துவிட்டார். மாட்டேன். அடுத்து என்ன ஆகும் என்கிற ஆசையில்தான் என் கை ஓடுகிறது. தெரிந்துபோன பிறகு எழுதுவது துவைத்த துணியை மறுபடி துவைக்கிற வேலை.

வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே பனிக்கரடி, கொடுத்துவைத்தவள் என்றார். பேச்சுக்குக் குறைச்சலில்லை. காலை டிபனுக்கு அவரே தேங்காய் துருவட்டும்.

வாங்க: துவரம்பருப்பு, ரீஃபில் 2, அவர் இரத்த அழுத்த மாத்திரை.

ஜூன் 4, புதன்

வெயில் நேற்றைவிட மோசம். நான் வேலை பார்க்கிற மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு டிராக்டர்கள் ரோடு வரைக்கும் வரிசை. ஈ மொய்க்கிறது.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பதினொன்றேகால் இருக்கும். குளிர்க்கிடங்கு வாசலில் நான், கையில் வெப்பநிலைப் பதிவேடு. அது என் பொறுப்பு, பன்னிரண்டு வருடமாக. உள்ளே பெரிய ஃப்ரீசர், மைனஸ் முப்பத்தைந்து, ஆள் உயர விசிறிகள். நறுக்கிய பழத்தைத் தட்டில் பரப்பி இரும்புத் தள்ளுவண்டியில் உள்ளே விடுவார்கள். ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. சக்கரத்து ஆணி இறுகிப்போயிருந்தது.

முனிரத்தினம் உள்ளே போனான். லோடிங்கில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். எல்லைப் பக்கத்து ஊர், என்னைவிட எட்டு வயது சின்னவன், தம்பி என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் இரண்டு மாடு. சிவப்பு மாடு ஆடியில் ஈனும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

கையுறையோடு ஆணி பிடிபடவில்லை என்று வலது கையுறையைக் கழற்றியிருக்கிறான். கையில் பழச்சாறு ஈரம் வேறு. கால் மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறான். சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தான்.

"இன்னாக்கா இது, விரலு என்னுதே இல்லாத மாரி கீது."

நடுவிரல் நுனி, மோதிர விரல், சுண்டு விரல். மூன்றும் மெழுகு வெள்ளை. மேஜையில் தட்டிக் காட்டினான், கட்டைச் சத்தம்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேற்றுக் காலை எழுதியதுதானே. நகருங்கள், எனக்குத் தெரியும் என்றேன். கதவுச் சட்டத்தில் படிந்திருந்த உறைபனியை டிபன் பாக்ஸ் மூடியால் சுரண்டி எடுத்து அவன் விரலைத் தேய்த்தேன். இருபது நிமிஷம். மோதிர விரலில் ஓர் இடத்தில் தோல் உரிந்தது, அதையும் பார்த்தேன், நிறுத்தவில்லை. கடைசியில் சிவந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டாத குறை. சூப்பர்வைசர் சுதாகர், "மேடம்கி அன்னீ தெலுசு" என்றார். மேடத்துக்கு எல்லாம் தெரியுமாம்.

எனக்குப் பெருமை. எழுதுவதில் என்ன வெட்கம், பெருமைதான். வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். புத்தகம் படித்தால் வீணாகாது என்றும் சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

மேகம் வந்தது, போய்விட்டது.

முனிரத்தினம் வேலைக்கு வந்தான், கை பூரி மாதிரி உப்பல். சுண்டு விரலில் கொப்புளம், உள்ளே நீர் கொஞ்சம் கறுத்திருக்கிறது. ராத்திரி தூக்கமில்லையாம். சுதாகர் அவனை பைக்கில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் கொதிக்கிற கூழ் கொட்டிவிட்டதா என்று கேட்டு, தீப்புண் களிம்பு போட்டு அனுப்பிவிட்டார். குளிர் என்று இவர்கள் சொல்லியும் நம்பவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த வெயிலில் எவன் நம்புவான்?

விபத்து அறிக்கை என் மேஜைக்கு வந்தது. ஒரு கட்டத்தில், "முதலுதவி: என்ன, யார் செய்தது". சாயங்காலம் நிரப்புகிறேன் என்றேன். நிரப்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை. மேஜை டிராயரில் இருக்கிறது.

அத். 10 ஒரு பக்கம். நாய்கள்.

ஜூன் 7, சனி

திருப்பதிக்கு. நான்தான் கிளப்பினேன், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று. ஆறரை பஸ். முனிரத்தினம், அவன் மனைவி செல்வி, நான். பஸ் பூராவும் மலைக்குப் போகிற கூட்டம். நின்றுகொண்டே வந்தேன், முட்டி வலி.

டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். பட்டாளத்தில் இருந்தவராம், லடாக்கில் நாலு வருடம். கட்டைப் பிரித்ததும் கண்டுபிடித்துவிட்டார். இந்த ஊரில் இதைப் பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை என்றார். எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனோடு ரொம்ப நேரம் பேசினார்.

வராந்தாவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மட்டும் அன்னிக்கி தேச்சு வுடலைன்னா அந்த விரலே போயிருக்கும்க்கா. ஊர் பூரா சொல்லிக்கினு கீறேன்."

நானும் தலையாட்டினேன்.

இப்போதைக்கு வெட்டு கிடையாது. எந்த இடம் பிழைக்கும், எந்த இடம் சாகும் என்று விரலே காட்டுமாம், வாரக்கணக்கில் ஆகுமாம். கட்டு, மாத்திரை, பீடி கூடாது. செல்விக்குக் கவலை கறவை பற்றி. சிவப்பு மாடு அவளைக் கிட்டவே விடாது, முனிரத்தினத்தின் கைக்குத்தான் மடி இறக்கும். இப்போது கறவை வற்றிய நேரம், சரி. கன்று போட்ட பிறகு? அந்தச் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லாமல் காம்பை எப்படி அழுத்துவான்?

ஆஸ்பத்திரி கேண்டீனில் இட்லி கல்.

ஜூன் 11, புதன்

காலை நல்ல காற்று, முதல் தடவையாக.

அத். 12 தொடங்கினேன். மலையிலிருந்து இறங்கிக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். இரண்டாம் பக்கம், நாலாவது பத்தி. அப்படியே தமிழில் எழுதிக்கொண்டே போனேன், முடிக்கிற வரைக்கும் அர்த்தம் உறைக்கவில்லை. சமையலறை மேஜையில் சர்வேயரின் கையை வைத்து இரண்டு விரலை எடுக்கிறார்கள். நான் தேய்த்த தேய்ப்பில் செத்த தோலோடு உயிருள்ள தோலும் போயிருந்தது என்று தலைவர் எழுதுகிறார். பனி தேய்த்த தன் கையைப் பற்றித்தான் எழுதுகிறார். ஒரே வரி. அடுத்த வரியில் காற்றின் திசை.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

முப்பது பக்கம். முப்பது பக்கம் தள்ளிப் படித்திருந்தால்.

ஜூன் 12, வியாழன்

மீதிப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. வேறு ஏதாவது சொல்லியிருப்பாரா என்று. இல்லை. சர்வேயர் இடது கையால் வரைபடத்தை முடிக்கிறார். மலைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. எதற்கு மலைக்குப் பெயர்? வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்புறம், "நீ நல்லதுன்னுதான செஞ்ச" என்றார். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. எல்லாரும் அதையே சொல்வார்கள்.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

திருப்பதி, இரண்டாம் முறை. லேசாகத் தூறல், மலை தெரியவில்லை.

கொப்புளம் வடிந்திருக்கிறது. நடுவிரல் பரவாயில்லை. மோதிர விரல் பாதிப் பாதி. சுண்டு விரல் நுனி கறுத்துச் சுருங்க ஆரம்பித்திருக்கிறது.

அவர்கள் மருந்து வாங்கப் போன நேரத்தில் டாக்டரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். தேய்த்தது தப்பா என்று. தப்பு என்றார், சுற்றி வளைக்காமல். பனி வேண்டாம், நெருப்பும் வேண்டாம், கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. எங்கள் கூழ்ப் பிரிவில் வெந்நீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருக்கிறது. அப்போ சுண்டு விரல் போவது என்னாலா என்று கேட்டேன். குளிர் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, குளிர் ஒன்றே போதும் நுனியைக் கொண்டுபோக, தோல் உரிந்தது மட்டும் உங்கள் கணக்கு என்றார். தெலுங்கில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை.

திரும்பும்போது செல்வி ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள். சாந்திபுரத்துச் சித்தி மகளின் பிரசவத்தைப் பற்றிச் சந்திரகிரி வரை பேசினாள். நான் உம் கொட்டினேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்றும் நினைத்தேன். சாக்கு.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லத்தான் போனேன், அவர்கள் ஊருக்கு. வீட்டுக்காரரும் வந்தார்.

முனிரத்தினம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்ன பயிற்சி. மாட்டின் வயிறு பக்கத்துக்கு இறங்கிவிட்டது. கட்டின கையால் அதன் முதுகைத் தடவினான். மாடு தெரிகிறதா என்று கேட்டேன், அதாவது தொட்டால் தெரிகிறதா. நடுவிரலில் தெரிகிறதாம். மோதிர விரலில் துணி மேல் தொடுகிற மாதிரியாம். சுண்டு விரலுக்கு வந்ததும் பந்தை மறுபடி அழுத்த ஆரம்பித்தான்.

செல்வி காபி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியை அழைத்து வந்து இந்த அக்காதான் என்று காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கும்பிட்டாள். அதற்குப் பிறகு எங்கே சொல்வது? அரை மூட்டை முருங்கைக்காயோடு திரும்பி வந்தேன். கோழை.

முருங்கைக்காய்: கீழ் வீட்டுக்கு, எதிர் வீட்டுக்கு, சாம்பாருக்கு. என்னால் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 2, புதன்

நேற்று ராத்திரி நல்ல மழை. ஆலைக்குள் சேறு.

முனிரத்தினத்துக்கு இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை, இடது கையால். எழுத்து எறும்பு ஊர்கிறது. சர்வேயரின் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு வேளையில் டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அவன் தயிர்சோறு துன்னுக்கொண்டிருந்தான், ஸ்பூனால். (துன்னு என்று எழுதுகிறேன், அவனோடு பேசிப் பேசி என் வாய்ச் சொல்லும் அதுதான்.)

சொல்லிவிட்டேன். புத்தகத்தில் பார்த்துத்தான் தேய்த்தேன், பிறகு அதே புத்தகத்தில் அந்த ஆளின் விரலை எடுத்தார்கள், அதை நான் படித்திருக்கவில்லை, டாக்டரும் தப்பு என்று சொல்லிவிட்டார், உன் தோல் உரிந்தது என்னால். இப்படியே, வரிசையாக. டப்பாவைத் திறக்கவே இல்லை.

அவன் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னான்.

"தெரியும்க்கா. மொத நாளே டாக்டரம்மா கேட்டாங்க, எவன் இத தேச்சதுன்னு. கோவமாதான் கேட்டாங்க. நானேதான் தேச்சிக்கினேன்னு சொல்ட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"நீ வெளிய செல்வியாண்ட உக்காந்துக்கினு இருந்த. உன்ன கூப்ட்டு திட்டுவாங்க. அத்த இன்னாத்துக்கு?"

அப்போ செல்வி ஊரெல்லாம் என் புகழ் பாடுகிறாளே, அவளிடம் ஏன் சொல்லவில்லை? சிரித்தான். சொன்னால் அவள் மறுபடி ஊரெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும், இரட்டை வேலை என்றான்.

நாலு வாரம். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம். எனக்குக் கோபம்கூட வந்தது. முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் தூங்கியிருப்பேனே. அதையும் சொன்னேன். நீ கேட்கலையேக்கா என்றான்.

லாரி வந்தது. எழுந்து போய்விட்டான். பாதி தயிர்சோறு இருந்தது, ஈ விழாமல் மூடி வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

டிராயரிலிருந்து அறிக்கையை எடுத்து நிரப்பினேன். முதலுதவி: உறைபனியால் தேய்த்தது, தவறான முறை. செய்தது: என் பெயர், கையெழுத்து, தேதி. சுதாகர் படித்துவிட்டு, இது மேலே போனால் உங்களைத்தான் கேட்பார்கள், வேண்டுமா மேடம் என்றார். வேண்டும் என்றேன். கேட்டுக்கொள்ளட்டும். கூடவே இரண்டு வேண்டுகோள் எழுதிக் கொடுத்தேன்: (1) திருகு ஆணி வேலைக்கு விரலோடு ஒட்டுகிற மெல்லிய உள்ளுறை, (2) ஃப்ரீசர் வாசலில் வெந்நீர்த் தொட்டி, பக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகை. பலகையை நானே எழுதுகிறேன்.

செல்விக்கும் போன் பண்ணிச் சொன்னேன். சரிக்கா, அடுப்புல பால் கீது என்று வைத்துவிட்டாள். இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

வெயில் திரும்பிவிட்டது.

அத். 9-இல் அடிக்குறிப்பு சேர்த்து அனுப்பினேன்: இப்படித் தேய்க்கக் கூடாது, இந்த விரல்களில் இரண்டு பிழைக்கவில்லை, அத். 12 பார்க்க, விரல் மரத்தால் கை பொறுக்கும் வெந்நீர். பதிப்பாசிரியர் உடனே போன். மூன்று அத்தியாயம் முன்னாலேயே முடிவைச் சொல்லிவிட்டால் படிக்கிறவனுக்கு என்ன சுவாரசியம், நீங்களா இப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. போனால் போகட்டும், குறிப்பு இருந்தே ஆக வேண்டும், பின்பக்கத்துக்கும் தள்ளக் கூடாது, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் என்றேன். யோசிக்கிறாராம்.

அடுத்த புத்தகம் அனுப்புகிறாராம், ஏதோ எரிமலை. முழுசாகப் படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்றேன். அவர் நம்பவில்லை.

செல்வியிடமிருந்து போன் இல்லை, ஒரு வாரமாக.

ஜூலை 15, செவ்வாய்

திருப்பதிக்கு அவர்கள் மட்டும் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. முனிரத்தினம் சாயங்காலம் கேட்டில் சொன்னான்: நடுவிரலும் மோதிர விரலும் பிழைத்துவிட்டன. மோதிர விரலில் உரிந்த இடம் வழவழவென்று தழும்பு, அது அப்படியேதான் இருக்கும். சுண்டு விரல் நுனி போகும், நகம் வரைக்கும், அதற்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

நகம் வரைக்கும். என் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

பலகை மாட்டியாகிவிட்டது. வெந்நீர்த் தொட்டி வரவில்லை, தினம் கேட்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலேயே மூட்டம். துணி காயாது. தோசைக்கு அரைத்தது புளித்துவிட்டது.

ஏழரைக்குக் கதவு தட்டல். செல்வி. பின்னால் பைக்கை நிறுத்திவிட்டு முனிரத்தினம். செல்வியின் கையில் துணி சுற்றிய தூக்கு. உள்ளே வா என்றேன். வந்தாள், உட்காரவில்லை. தூக்கை நீட்டினாள். மூடியைத் திறந்தேன். மஞ்சளாகக் கெட்டியாகச் சீம்பால், இன்னும் வெதுவெதுப்பு. முந்தாநாள் ராத்திரி கன்று போட்டதாம். கிடேரி.

யார் கறந்தது என்று கேட்க வாய் வரவில்லை. செல்வியைப் பார்த்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள்.

முனிரத்தினம் வலது கையைத் தூக்கிக் காட்டினான். கட்டுப் போட்ட சுண்டு விரல் தனியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மற்ற விரல்கள் மடங்கி விரிந்தன.

"நாந்தான்க்கா. மூணு விரலா நாலு விரலான்னு மாட்டுக்கு எண்ணத் தெரியாது."

சீம்பால் மூன்று இடத்துக்குத்தான் எட்டியது என்று செல்வி சொன்னாள். குலதெய்வத்துக்கு, மாமியார் வீட்டுக்கு, இங்கே. சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. அப்புறம் உட்கார்ந்தாள்.

வெல்லம் தட்டிப் போட்டு ஆவியில் வைத்திருக்கிறேன். மூன்று பேரும் கூடத்தில். ஏலக்காய் இல்லை, அவர் கடைக்கு ஓடியிருக்கிறார்.